வேகாத வைக்கோல்

பிப்ரவரி 3

டேய் தம்பி,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் மனைவிக்கு அடித்தால், "அண்ணி, அவர் பக்கத்துலதான் இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாள். பாவம், அவளை எதற்கு நடுவில் மாட்டிவிட வேண்டும்? அதனால் கடிதத்துக்கு வந்துவிட்டேன். உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கிழித்துப் போட உன்னால் முடியாது என்ற தைரியம்தான். என் பிறந்தநாள் பரிசுகளையெல்லாம் எனக்கு முந்திப் பிரித்தவன் நீ.

நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் உனக்குக் கோபம் வரும்.

நீ கடைசியாகப் போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "உன் கோட்டுல ஒட்டிக்கிட்டு வந்ததுதான் என் கொட்டகையைத் தின்னுடுச்சு. இனிமே இந்த வாசல்ல காலை வைக்காதே." இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் உன்னைப் பார்க்க வந்தேன். முதல் பஸ்ஸில் இறங்கினேன், நீ கையெல்லாம் கரியோடு ஓடி வந்து என் பையை வாங்கினாய். நான் ஊர் திரும்பிக் கொஞ்ச நாளிலேயே, வெள்ளை வெளேரென்று இழை ஓட வேண்டிய வைக்கோலை அவித்து அடைத்த உன் சிப்பிக் காளான் பைகள் எல்லாம் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டன. நானோ வேலை நேரம் முழுக்கப் பச்சைப் பூசணம் வளர்க்கிறவள். கேட்கிற யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். நானே போட்டுப் பார்த்தேன்.

என் வேலையை நான் விளக்க ஆரம்பித்தால் பாதியில் கொட்டாவி விடுவாய். கடிதத்தில் கொட்டாவி விட்டாலும் எனக்குத் தெரியாது, ஆகையால் கேள். வைக்கோலுக்குள், சோளத்தட்டைக்குள், மரத்தூளுக்குள் எல்லாம் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அது நீண்ட சங்கிலியாகப் பின்னிக் கிடக்கிறது, கடித்தால் இனிக்காது. எங்கள் பூஞ்சை நொதி என்று ஒன்றைச் சுரக்கும். அது கத்தரிக்கோல் மாதிரி அந்தச் சங்கிலியை நறுக்கிச் சர்க்கரையாக்கும். சர்க்கரையை ஈஸ்ட் தின்று எத்தனால் ஆக்கும். எத்தனாலை ஊற்றினால் வண்டி ஓடும். ஜனங்கள் வயலிலேயே கொளுத்துகிற குப்பையில் வண்டி ஓட்டலாம் என்பதற்காகத்தான் இத்தனை வருடம் நான் பூசணத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். அதுவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சர்க்கரையை நேராக ஊட்டினால் நொதி சுரப்பதை நிறுத்திவிடும். வைக்கோலைக் காட்டினால்தான் வேலை செய்யும். கெஞ்சினால் நகராத விஷயத்தில் அதற்கு உன் குணம்.

எங்கள் பூஞ்சை ஆய்வகத்தில் சீராட்டி வளர்ந்தது, வெளியே வந்தால் பிழைக்காது என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். உன்னிடம் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆய்வகக் கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். அதே பையோடுதான் உன் கொட்டகைக்குள் நுழைந்தேன். அதை எங்கே வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அதனால் ஒரு உதவி. பூசணம் பிடித்த பையிலிருந்து கொஞ்சம் சுரண்டி, சுத்தமான பாட்டிலில் போட்டு அனுப்பு. எங்களுடையதா இல்லையா என்பது தெரிந்துவிடும். எங்களுடையதுதான் என்றால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இவள் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள்.

சுரண்டி அனுப்ப ஒன்றும் மிச்சம் இல்லை. பைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துச் சுண்ணாம்பு கொட்டியாகிவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டிய காட்சிதான். கதவைத் திறந்ததும் வழக்கமாக ஈர மண் வாசனை வரும். அன்றைக்குப் பழைய பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு நாற்றம். தொங்குகிற பைகள் எல்லாவற்றிலும் பச்சை மாவு. கை பட்டால் புகையாகப் பறக்கிறது. காளான் வாங்க வந்த கடைக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்கள். அவர்கள் பேரம் பேசாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பூசணத்துக்கு உங்கள் இடத்தில் கண்ணாடி அறை, ஏசி, தனி ஃபிரிட்ஜ். அது வராமல் இருக்க இங்கே நான் படாத பாடு படுகிறேன். ஒரே வீட்டில் பிறந்து ஒருத்தி அதை வளர்க்கிறாள், ஒருத்தன் விரட்டுகிறான். கேட்டால் சிரிப்பார்கள்.

சோதனை செய்கிறேன் என்கிறீர்கள். பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்துகிற பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

பெயிண்டுக் கிடங்கில் மேற்பார்வைக்கு ஆள் கேட்கிறார்கள். மார்ச் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கொட்டகையை இழுத்து மூடிவிட்டுப் போவதாக இருக்கிறேன். நீங்கள் சந்தோஷமாக வண்டி ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
காளான் வளர்த்தவன்


பிப்ரவரி 20

டேய்,

"எருமை" என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பக்கம் முழுக்க "நீங்கள், நீங்கள்" என்று எழுதியிருக்கிறாயே, யாருக்கோ வந்த கடிதத்தைப் படித்த மாதிரி இருந்தது.

விடைத்தாள் விஷயத்தில் நீ சொன்னது நியாயம். நான் தொட மாட்டேன். இங்கே கண்ணாடிக்காரர் என்று ஒருவர் இருக்கிறார். நுண்ணோக்கிக்குள் கண்ணை விட்டே காலம் கழித்தவர். ஒரு நாளாவது என் வேலையை நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் இல்லை. என் மூக்கை உடைக்க ஒரு வாய்ப்பு என்றால் விடுமுறை நாளிலும் வந்து நிற்பார். அவர் பார்க்கட்டும். அவர் சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் உனக்கு எழுதுகிறேன்.

பெயிண்டுக் கிடங்கு வேண்டாம். நம் வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்டு அடித்தபோது ஒரு வாரம் தும்மியவன் நீ. கோபத்தில் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பதில் சொல்லிவிடாதே. பூசணம் போன இடத்தில் கழுவிச் சுத்தம் செய்து மறுபடி பை கட்டலாம். நீ போய்விட்டால் கொட்டகை வெறும் கொட்டகைதான்.

அக்கா


மார்ச் 2

உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கும். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு மூலையில் நான் கவனிக்காமல் விட்ட பையிலிருந்து இவள் சுரண்டி அனுப்பியிருக்கிறாள். ஏன் அனுப்பினாய் என்றால், "குப்பையைத்தானே அனுப்பினேன், உங்களுக்கு என்ன?" என்கிறாள். பாட்டில் உடைந்திருந்தால் நான் பொறுப்பில்லை.

முடிவு எதுவானாலும் எனக்கு எழுதுங்கள். அவளுக்கு எழுத வேண்டாம்.


மார்ச் 9

தம்பி,

பாட்டில் உடையவில்லை. ஜாம் பாட்டிலைச் செருப்புப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் பழைய வைக்கோலை அடைத்து, கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாதபடி கட்டியிருக்கிறாள். அந்த வைக்கோல் தொட்டால் உதிர்கிறது, வெளுத்தும் இருக்கிறது. காளான் எடுத்து முடித்த பிறகு கொட்டகைக்குப் பின்னால் குவித்து வைப்பாயே, அதில் அள்ளியது என்று நினைக்கிறேன். எதற்காக என்று தெரியாமலே எடுத்து வைத்திருக்கிறேன். வைக்கோல் என்றால் தூக்கிப் போட எனக்குக் கை வராது.

பாட்டிலைக் கண்ணாடிக்காரர் என் கையிலிருந்து இரண்டு விரலால் வாங்கினார். தனியாக வளர்த்து, எங்கள் பூஞ்சையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், நாளாகும் என்றார். தினமும் அவர் அறை வழியாகப் போகிறேன், எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொள்கிறார். மனுஷர் ஒரு தலையாட்டல்கூடக் கொடுக்க மாட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? எங்களுடையது என்று வந்தால், நான் இத்தனை வருடம் உயிரைக் கொடுத்து வளர்த்த ஒன்று என் தம்பி சோற்றில் மண்ணைப் போட்டது என்று ஆகும். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் நிற்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

அக்கா


மார்ச் 18

தம்பி,

எங்களுடையது இல்லை.

கண்ணாடிக்காரர் கூப்பிட்டு, இரண்டு தட்டுகளையும் மேஜையில் வைத்தார். எங்களுடையது அடியில் மஞ்சளாகச் சாயம் விட்டிருந்தது. உன்னுடையதில் மஞ்சளே இல்லை, கரும்பச்சையாகத் தட்டை முழுங்கியிருந்தது. அவர் சொன்னதை வாக்குக் கொடுத்தபடி அப்படியே எழுதுகிறேன். "இது உங்க ஆள் இல்லை. ஒன்றுவிட்ட சொந்தம்னு வேணா சொல்லிக்கலாம். இது வைக்கோலோடயே வர்ற காட்டு ஆள்." அதற்கு மேல் நுண்ணோக்கியிலும் காட்டினார். எனக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. "பாத்தாச்சா?" என்றார். பார்த்தாச்சு என்றேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தபோது அந்த நிம்மதி போய்விட்டது. அவர் இன்னொன்றும் சொன்னார். அதை எழுதாமல் விடலாமா என்று இந்தத் தாளை இரண்டு தடவை மடித்து வைத்தேன். முடிவு எதுவானாலும் எழுதச் சொன்னாய்.

வைக்கோலுக்குச் சூடு போதாதபோது பிழைத்துக்கொள்கிற இனமாம் அது.

அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா


மார்ச் 24

மதிப்பிற்குரியவருக்கு,

ஆக, எனக்கு வைக்கோல் அவிக்கத் தெரியாது. பட்டணத்தில் ஒருவர் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

பீப்பாயில் தண்ணீர் கொதி வந்து, வைக்கோலை அமுக்கி, மேலே கல் வைத்து, உள்ளே சூடு பிடித்து அப்படியே நிற்கிற வரைக்கும் நான் அடுப்பை விட்டு நகர மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு பற்றிக்கொண்டாலும் அந்த அடுப்பை முடித்துவிட்டுத்தான் வருவான் என்று இவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கொட்டகையில் நாங்கள் இரண்டே பேர். நான் இல்லையென்றால் இவள். அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்கட்டுமா? வாசலுக்கு வெளியே நின்ற பழியை அழகாக வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள்.

பெயிண்டுக் கிடங்கில் பேசப் போகிறேன். ஒன்றாம் தேதி சேரச் சொல்வார்கள். இனிமேல் எழுத வேண்டாம்.


மார்ச் 31

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். இது வேலை விஷயம், அக்காவாக எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

முதலில் ஒன்று. அவளை நிற்க வைத்துக் கேட்காதே. யார் அவித்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

இனி விஷயம். வைக்கோலில் இருக்கிற சர்க்கரையைச் சுற்றிக் கெட்டியான பசை ஒன்று பூசினாற்போல் இருக்கிறது. லிக்னின் என்பார்கள். அதை உடைக்காமல் எங்கள் நொதியால் உள்ளே நுழைய முடியாது. அதற்காக நாங்கள் வைக்கோலை அமிலத்தில் ஊற வைத்து, நீராவி விட்டு, பிறகு அந்த அமிலத்தைக் கழுவ ஆற்றையே இறைக்கிறோம். எங்கள் திட்டம் வருடக்கணக்காக முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான். அமிலம் இல்லாமல் ஒரு வழி காட்டுங்கள், இல்லையென்றால் மூட்டையைக் கட்டுங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

உன் மனைவி பாட்டிலைச் சுற்றி அடைத்து அனுப்பினாளே, அந்த வைக்கோலை ஒரு நாள் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தேன். நகத்தாலேயே கிழிந்தது. ஒரு ஆசையில் நீராவியில் நன்றாக அவித்து, அமிலம் ஒரு சொட்டும் விடாமல், நேராக நொதியை ஊற்றிப் பார்த்தேன். அமிலத்தில் ஊறிய எங்கள் வைக்கோல் கொடுக்கிற அளவுக்குச் சர்க்கரை வந்தது. நம்பாமல் கண்ணாடிக்காரரையே பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, "யார் செஞ்ச வைக்கோல்?" என்று கேட்டார். என் தம்பி என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், உனக்குப் பிடிக்காவிட்டாலும்.

நீ செய்தது என்றும் சொல்ல முடியாது, உன் காளான் செய்தது. அது பசையைத் தின்றுவிட்டது. சர்க்கரையிலும் கூலியாகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது, மீதியை விட்டு வைத்திருக்கிறது. உன் பையில் காளானும் பச்சைப் பூசணமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்னும். இங்கே ஒன்று முடித்துவிட்டுப் போன பிறகு இன்னொன்றின் நொதி வந்தது. சண்டைக்கு ஆளே இல்லை.

ஒரு குடுவையில் வந்ததை வைத்து ஊரை அழைத்துவிட முடியாது. அடுத்த தடவை பல்லை இளித்தாலும் இளிக்கும். பெரிய தொட்டியில் போட்டுப் பார்க்க எனக்கு உன் கொட்டகைப் பின்பக்கத்துக் குவியல் முழுவதும் வேண்டும். கொளுத்திவிடாதே. நேரில் வந்து கேட்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

காளானுக்கு நீ வேண்டும், உன் கொட்டகை வேண்டும். இது அக்காவாக எழுதியது.


ஏப்ரல் 12

அக்கா,

குவியலைக் கொளுத்தவில்லை. கொளுத்துவதாக இருந்தேன், உன் கடிதம் முந்திக்கொண்டது. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வாசலில் அடுக்கி வைத்திருக்கிறேன். பால்காரர் வந்து மாட்டுக்குக் கேட்டார். இது வண்டிக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பெயிண்டுக் கிடங்கில் ஒரு வாரம் தும்மினேன். ஏணி மேல் நின்று தும்மியதில் ஒரு டின் கீழே விழுந்து மேலாளரின் காலணி நீலமாகிவிட்டது. "தம்பி, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அவரே கேட்டார். அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த அன்றைக்குத்தான் இவள் சொன்னாள். நான் கிடங்கில் பேசப் போயிருந்த நாளில் நீ வந்தாயாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில், கக்கத்தில் காலிச் சாக்குகளை இடுக்கிக்கொண்டு நின்றாயாம். இவள் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தும், "வாசல்ல காலை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாயாம். நான் என்ன பெரிய மகாராஜாவா, என் பேச்சை அப்படியே கேட்பதற்கு? எத்தனை தடவை சொல்லியும் நீ கேட்டதில்லை. இதை மட்டும் ஏன் கேட்டாய்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணாடிக்காரர் சொன்னது சரி. போன மாதம் உன் கடிதத்தைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினேன்.

அன்றைக்கு அடுப்பை மூட்டித் தண்ணீர் அப்போதுதான் கொதி வந்திருந்தது. வைக்கோலை அமுக்கிக் கல் வைத்தேன். முதல் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. இவள் எட்டிப் பார்த்து, "அண்ணி வந்துட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். வீடு பற்றினாலும் நகராதவன், விறகை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு ஓடி வந்தேன். என் கையில் கரி இருந்தது என்று நீயே எழுதியிருந்தாய். பிறகு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து, வெயில் தலைக்கு மேல் ஏறுகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் போனால் பீப்பாய் வெதுவெதுப்பாக இருந்தது. மறுபடி மூட்டினால் உன்னோடு சாப்பிட உட்கார முடியாது. ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று பையில் அடைத்தேன்.

இதை இவளிடம் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "தெரியுமே. விறகை நீங்க இழுத்துப் போடறப்ப நான் பக்கத்துலதானே இருந்தேன். அதுக்குத்தான் பாட்டிலை அனுப்பினேன்" என்றாள். என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். "நான் சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்றாள். கேட்டிருக்க மாட்டேன்.

நேற்றுக் கொட்டகையைக் கழுவினேன். இன்றைக்கு மறுபடி பீப்பாயை ஏற்றியிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தாளில் கரி பட்டிருந்தால் கண்டுகொள்ளாதே.

வந்து சாக்குகளை எடுத்துக்கொண்டு போ. உன் கோட்டையும் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி. ஆனால் முதல் பஸ்ஸில் மட்டும் வராதே. நீ வந்து இறங்கினால் இந்த அடுப்பின் பக்கத்தில் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டாவது பஸ்ஸில் வா. அதற்குள் வைக்கோல் வெந்திருக்கும்.

தம்பி